மூன்று சொல்லில் வந்த பதில்

மார்லோ பிரைஸ் கம்பெனியின் கிள்ளான் ரப்பர் கிடங்கில் எஸ். இராமலிங்கம் நிறுவைக் கிராணியாக இருந்தார். தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டுகளைத் தராசில் ஏற்றி, எடை பார்த்து, சீட்டு எழுதிக் கப்பலுக்கு அனுப்புவது அவர் வேலை. ஆறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு செங்கல் சூளைக் கூலிக்காரருக்குப் பிறந்து, மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். இங்கிலீஷ் தெரியும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெருமை. மேசை இழுப்பறையில் அட்டை கிழிந்த ஓர் இலக்கணப் புத்தகம் இருந்தது. கிடங்கில் யாராவது இங்கிலீஷைத் தப்பாகப் பேசினால் திருத்தாமல் விடமாட்டார். அதனாலேயே அவரிடம் யாரும் இங்கிலீஷ் பேசுவதில்லை.

1927ஆம் ஆண்டு பிப்ரவரி ஏழாம் தேதி கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு மாற்றல் உத்தரவு வந்தது. இருபத்தோராம் தேதிக்குள் பாயா நீப்பா தோட்டத்தில் போய்ச் சேரவேண்டும்.

பாயா நீப்பா, தெலுக் பங்லிமா காராங் ஊரையும் தாண்டிச் சதுப்புக்குள் இருந்தது. அங்கே போகிறவர்களுக்கு முதல் மாதமே காய்ச்சல் வரும் என்பது கிள்ளான் முழுக்கத் தெரிந்த விஷயம். இராமலிங்கத்தின் மனைவி சீதாலெட்சுமி அப்போது எட்டு மாதம் நிறைந்த கர்ப்பிணி. கல்யாணமான புதிதில் வேறொரு தோட்டத்தில் இருந்தபோது அவளுக்குப் பிறந்த ஆண்பிள்ளை, ஏழு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வண்டி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் கெஞ்சிக் கூத்தாடி கிள்ளான் கிடங்குக்கு வந்தார். இங்கே ஆஸ்பத்திரி நடக்கிற தூரத்தில் இருந்தது. மருத்துவச்சி வள்ளியம்மா மூன்று வீடு தள்ளி இருந்தாள்.

உத்தரவைப் படித்ததும் சீதாலெட்சுமி ஒன்றுதான் சொன்னாள்.

"நான் வரமாட்டேங்க. நீங்க வேணா போங்க."

இராமலிங்கத்துக்கு அந்த உத்தரவே புரியவில்லை. அவர் மேல் புகார் எதுவும் கிடையாது. மாற்றல் கேட்டு அவர் மனுவும் போடவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கம்பெனிக்குக் கீழே பதினோரு தோட்டங்கள், இரண்டு கிடங்குகள், ஓர் அலுவலகம். எங்கேயாவது இன்னொரு இராமலிங்கம் இருப்பான். அவனுக்கு எழுதியது தனக்கு வந்துவிட்டது.

ஒன்பதாம் தேதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். மரியாதையாக இருக்கட்டும் என்று, "தயவுசெய்து என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து, அதை இங்கிலீஷில் "ப்ளீஸ் டூ நாட் மிஸ்டேக் மீ" என்று போட்டுத் தொடங்கினார். அலுவலகம் என்னை வேறொரு ஆளாக மிஸ்டேக் செய்துவிட்டது என்று நினைக்கிறேன், தயவாய்ச் சரிபார்க்கவும் என்று முடித்தார். இரண்டு தடவை சுத்தப் பிரதி எடுத்து, மூன்றாவதைத் தபாலில் சேர்த்தார்.

பதினான்காம் தேதி பதில் வந்தது. ஒன்பதாம் தேதிக் கடிதம் கிடைத்தது என்று மேலே ஒரு வரி. கீழே மூன்றே சொல். யூ ஆர் மிஸ்டேக்கன். அதற்கும் கீழே துரையின் கையெழுத்து.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த இராமலிங்கம் சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

"ஒத்துக்கிட்டானுங்க."

"என்னா எழுதியிருக்கு?"

"யூ ஆர் மிஸ்டேக்கன். உன்னை ஆள் மாத்தி எடுத்துட்டோம்னு எழுதியிருக்காங்க."

"மாத்தல் இல்லைன்னு எழுதலியா?"

"அதான் ஆள் மாத்திட்டோம்ங்கிறானே. பின்னே எப்படி மாத்தல் இருக்கும்?"

சீதாலெட்சுமி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "தப்பு அவங்களுதுன்னா மன்னிப்பு கேக்கமாட்டாங்களா?"

"வெள்ளைக்காரன் மன்னிப்பு கேக்கிறது இப்படித்தான்."

அவர் சும்மா சொல்லவில்லை. இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மிஸ்டேக், மிஸ்டுக், மிஸ்டேக்கன் என்று மூன்று வடிவங்களும் அதில் வரிசையாக இருந்தன. யூ ஆர் டிரான்ஸ்ஃபர்டு என்றால் நீ மாற்றப்பட்டாய். யூ ஆர் டிஸ்மிஸ்டு என்றால் நீ நீக்கப்பட்டாய். அப்படியானால் யூ ஆர் மிஸ்டேக்கன் என்றால் என்ன? நீ வேறு ஆளாக எடுத்துக்கொள்ளப்பட்டாய். செயப்பாட்டு வினை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எதற்கும் இருக்கட்டும் என்று இராமலிங்கம் கட்டி வைத்திருந்த இரண்டு பெட்டிகளையும் அன்றே பிரித்தார்கள்.

இருபத்திரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, வீட்டு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஓர் ஆள் இறங்கினான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண், இரண்டு பெண்பிள்ளைகள், தகரப் பெட்டி, பாய்ச் சுருட்டு, கூடைக்குள் மூன்று கோழி.

"இராமலிங்கம் அண்ணே வீடு இதுதானே? நான் ராதாகிருஷ்ணன். பாயா நீப்பாவிலிருந்து வரேன். உங்க இடத்துக்கு என்னைப் போட்டிருக்காங்க. வீடு காலியாயிருக்கும்னு சொன்னாங்க."

"காலியா? நான் எங்கேயும் போகலியே. உத்தரவு கேன்சல் ஆயிருச்சு."

ராதாகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய உத்தரவை எடுத்துக் காட்டினான். கிள்ளான் கிடங்கு என்று தெளிவாக இருந்தது. இராமலிங்கம் தன்னுடைய கடிதத்தைக் காட்டினார். ராதாகிருஷ்ணன் படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"அண்ணே, இதுல கேன்சல்னு எங்கே இருக்கு? நீங்க சொல்றது தப்புன்னு இல்ல எழுதியிருக்கு."

"உனக்கு என்னா படிப்பு?"

"ஆறாம் வகுப்பு."

"அதான்."

"இல்லண்ணே. நான் கணக்கைத் தப்பாப் போட்டா எங்க வாத்தியார், யூ ஆர் மிஸ்டேக்கன், யூ ஆர் மிஸ்டேக்கன்னு சொல்லிச் சொல்லித்தான் அடிப்பாரு. எத்தனை தடவை வாங்கியிருக்கேன்."

"உங்க வாத்தியாருக்கு இலக்கணம் தெரியாது."

லோரிக்காரன் சாமான்களை இறக்கிவிட்டு ஏற்கெனவே போய்விட்டான். வாசலில் நின்ற பெண் தன் இளைய பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். அவள் பெயர் இராஜம்மா. முகமெல்லாம் காய்ச்சல் வந்து போன மஞ்சள் நிறம். சீதாலெட்சுமி அவளைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"உள்ள வாங்க. இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிரும்."

கம்பெனி கொடுத்த அந்த வீட்டில் இரண்டே அறை, ஓர் அடுப்பு. முதல் நாள் எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள். மூன்றாம் நாள் இராஜம்மாவின் கோழி சீதாலெட்சுமியின் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது. நான்காம் நாள் யார் முதலில் அடுப்பு மூட்டுவது என்று பேச்சு வந்தது. கிடங்கில் இன்னும் மோசம். ஒரே தராசுக்கு இரண்டு கிராணிகள் நின்றார்கள். ஒருவர் எடையைச் சொன்னால் மற்றவர் அதைத் திரும்பப் பார்த்தார். கூலியாட்கள் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் ஷீட்டுகளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கமாக மத்தியானத்தில் முடிகிற வேலை மூன்று மணி ஆகியும் முடியவில்லை.

"அண்ணே, நான் சண்டைக்கு வரலே" என்றான் ராதாகிருஷ்ணன். "ஆனா அந்தத் தோட்டத்துக்குத் திரும்பிப் போகமாட்டேன். ரெண்டு வருஷத்துல என் பொண்டாட்டிக்கு ஒம்பது தடவை காய்ச்சல்."

"போன்னு நான் சொல்லலியே. என்னையும் போகச் சொல்லாதே."

சனிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அடுத்த கடிதம் வந்தது. உத்தரவை மீறிய குற்றத்துக்காக எஸ். இராமலிங்கம் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறார். மார்ச் ஐந்தாம் தேதிக்குள் பாயா நீப்பாவுக்குப் போகாவிட்டால் நீக்கப்படுவார்.

இராமலிங்கம் அதை இரண்டு தடவை படித்தார். தவறை ஒத்துக்கொண்டு கடிதம் எழுதியவன், பன்னிரண்டே நாளில் தண்டனை எழுதுகிறான். இது என்ன புத்தி? முதல் கடிதத்தையும் இரண்டாம் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையெழுத்து ஒன்றுதான்.

"நேர்ல போய்க் கேளுங்க" என்றாள் சீதாலெட்சுமி. "கடுதாசி எழுதினது போதும். நீங்க ஒண்ணு எழுத, அவங்க ஒண்ணு எழுத, என் உசிரு போகுது."

திங்கட்கிழமை காலை ரயிலில் கோலாலம்பூர் போனார். அலுவலக வாசலிலேயே பியூன் தடுத்துவிட்டான். நிறுத்திவைக்கப்பட்டவர்களை உள்ளே விடக்கூடாதாம். துரையைப் பார்க்க முடியாதா என்றார். முடியாது. கடிதங்களை எழுதுவது யார் என்றார். தலைமைக் கிராணி கந்தையா என்றான் பியூன். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார், ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

இராமலிங்கம் பகல் முழுவதும் ஆற்றங்கரையில் அலைந்துவிட்டு, ஐந்து மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் கந்தையாவின் வீட்டு வாசலில் நின்றார். கந்தையா யாழ்ப்பாணத்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவர் பெயரைக் கேட்டதும் அப்படியே திரும்பினார்.

"கிள்ளான் இராமலிங்கமோ? உம்மைப் பார்க்கவேணும் எண்டுதான் இருந்தனான். உள்ளுக்கை வாரும். இரும். ஆளைப் பகிடி பண்ணுறீரோ?"

"ஐயா, நான் என்னா பகிடி பண்ணினேன்? நீங்கதான் யூ ஆர் மிஸ்டேக்கன்னு எழுதினீங்க. அப்புறம் எதுக்கு என்னை நிறுத்தி வைக்கணும்?"

"எழுதினனான்தான். நீர் சொன்னது பிழை எண்டு எழுதினனான். விளங்கேல்லையோ?"

"பிழை என்னுதா, உங்களுதா?"

"உம்முடையது. யூ ஆர் மிஸ்டேக்கன் எண்டால் நீர் பிழை விட்டிட்டீர் எண்டு அர்த்தம்."

"அது எப்படி ஐயா? யூ ஆர் டிரான்ஸ்ஃபர்டுன்னா நான் யாரையும் மாத்தலே, என்னை மாத்துறாங்க. யூ ஆர் மிஸ்டேக்கன்னா மட்டும் நான் தப்பு பண்ணினேனா?"

உள்ளேயிருந்து கந்தையாவின் மனைவி பூரணம் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றாள்.

"அது பார்க்கிறதுக்குச் செயப்பாட்டு வினை போலத்தான் கிடக்கும்" என்றார் கந்தையா. "ஆனால் அப்பிடியில்லை."

"ஏன் இல்லே?"

"ஏனெண்டால் இங்கிலீஷ்காரன் அப்பிடித்தான் கதைக்கிறான். ஏன் எண்டு நான் போய் அவனிட்டைக் கேட்கேலாது. நீர் நினைக்கிற அர்த்தம் வரவேணுமெண்டால் மிஸ்டேக்கனுக்குப் பிறகு ஒரு ஃபார் போட்டு, இன்ன ஆளெண்டும் எழுதவேணும். என்ரை கடிதத்திலை ஃபார் எங்கை கிடக்கு?"

"ஒரு ஃபார் இல்லேன்னு என் வேலையே போகுதா?"

"உம்முடைய கடிதத்தைப் பற்றிக் கதைப்பம். டூ நாட் மிஸ்டேக் மீ எண்டு தொடங்குறீர். ஆர் காணும் அப்பிடி எழுதுறது? மிஸ்அண்டர்ஸ்டாண்ட் எண்டல்லோ எழுதவேணும். உங்கடை ஆக்கள் எல்லாரும் இதைத்தான் எழுதுறாங்கள். வாசிச்சு வாசிச்சு எனக்குத் தலையிடி."

இராமலிங்கத்துக்கு அதுவரை அடங்கியிருந்த கோபம் எழுந்தது. சத்தமாகவே கேட்டார்.

"இங்கிலீஷ் கிடக்கட்டும் ஐயா. என் வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. போன தடவை தோட்டத்துல ஒரு பிள்ளையை விட்டுட்டு வந்திருக்கோம். சும்மா இருந்தவனை எதுக்குக் காட்டுக்குத் தூக்கிப் போட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

கந்தையாவும் குரலை உயர்த்தினார். "சும்மா இருந்தனீரோ? மனுப் போட்டது ஆர்? பாயா நீப்பாவுக்குத்தான் போவன், அங்கைதான் போவன் எண்டு ரெண்டு மனு. துரை படிச்சுப் பார்த்து, பாவம் போகட்டும் எண்டு கையெழுத்து வைச்சவர். இப்ப போகமாட்டன் எண்டால் ஆருக்கு எரிச்சல் வராது? கேட்டதும் நீர், மாட்டன் எண்டதும் நீர்."

"நான் மனுப் போடவே இல்லே."

"உம்முடைய பெண்சாதியின்ரை தமையன் அங்கை கூலிக்காரரை மேய்க்கிற மண்டோராய் இருக்கிறான், அவள் அவனோடை இருக்க ஆசைப்படுறாள் எண்டு எழுதியிருக்கிறீர். எனக்கு மறக்கேல்லை."

"ஐயா, என் பொண்டாட்டி கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது. அவ ஒத்தை மகள்."

கந்தையா தேநீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கீழை அனுப்புகைப் பகுதியிலை ஒரு இராமலிங்கம் இருக்கிறான். சின்னப் பெடியன். அவன்ரை முதலெழுத்தும் எஸ் தானோ?"

"எனக்கு எப்படித் தெரியும் ஐயா? அதைச் சரிபார்க்கச் சொல்லித்தானே நான் எழுதினேன்."

கதவோரம் நின்ற பூரணம் பேசினாள். "அவர் கேட்டதை நீங்கள் பார்க்கேல்லையோ?"

"உத்தரவைப் பார்த்தனான். உத்தரவிலை கிள்ளான் எண்டு கிடந்தது."

"உத்தரவு எழுதினது ஆர்?"

அதை எழுதியதும் கந்தையாதான்.

மறுநாள் காலை அனுப்புகைப் பகுதி இராமலிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஜனவரியில் மனுப் போட்டவன் அவன்தான். ஏன் இன்னும் உத்தரவு வரவில்லை என்று ஒரு மாதமாக அவனும் எரிச்சலில்தான் இருந்தான். மூன்றாவது மனு அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

மார்ச் நான்காம் தேதி கிள்ளானுக்குக் கடிதம் வந்தது. மாற்றல் விஷயத்தில் ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் நேர்ந்துவிட்டது, எஸ். இராமலிங்கம் கிள்ளானிலேயே வேலையைத் தொடரலாம் என்று அதில் இருந்தது. நேர்ந்துவிட்டதாம். யாருக்கு நேர்ந்தது, யார் யாரைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. மழை பெய்தது, வெள்ளம் வந்தது என்பதைப் போல எழுதியிருந்தார்கள். இராமலிங்கம் அதைப் படித்துப் பல்லைக் கடித்தார். ஆனால் இந்தத் தடவை அர்த்தம் என்ன என்று ராதாகிருஷ்ணனிடமும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

"நீங்க இங்கேயே இருக்கலாம் அண்ணே. அதுல சந்தேகமே இல்லே."

"அப்போ நீ?"

"அதுதான் அண்ணே எனக்கும் தெரியலே. என்னைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லியே."

ராதாகிருஷ்ணனுக்குக் கோலாலம்பூர் அனுப்புகைப் பகுதியில் அந்த இளைய இராமலிங்கம் விட்டுப்போன இடத்தைக் கொடுக்கத் தலைமை அலுவலகத்துக்கு இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் இரண்டு குடும்பமும் அந்த வீட்டிலேயே இருந்தன. பதினாறாம் தேதி காலை சீதாலெட்சுமிக்கு வலி எடுத்தது. வள்ளியம்மா வந்து சேர்வதற்குள் இராஜம்மாதான் வெந்நீர் வைத்து, துணி கிழித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெண்குழந்தை பிறந்தது. கிடங்கிலிருந்து ஓடிவந்த இராமலிங்கத்திடம் இராஜம்மா குழந்தையைக் காட்டி, "அக்கா நல்லாருக்காங்க, பயப்படாதீங்க" என்றாள். கீரைப் பாத்தியைக் கிளறிய கோழி அந்த வாரமே பத்தியக் குழம்பில் போனது.

கண்டனக் குறிப்பு மட்டும் போகவில்லை. உத்தரவை மீறினார் என்று சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்ததை நீக்கச் சொல்லி இராமலிங்கம் கந்தையாவை நேரில் பார்த்துக் கேட்டார். உத்தரவே தவறு என்றால் அதை மீறியது எப்படிக் குற்றமாகும்?

"உத்தரவு ரத்தாகும் வரைக்கும் உத்தரவுதானே" என்றார் கந்தையா. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "துரை கையெழுத்து வைச்சதை என்னாலை அழிக்கேலாது. கேட்டுப் பார்த்தனான். திட்டு வாங்கினதுதான் மிச்சம்."

ஆண்டுக்கு ஒரு தடவை இராமலிங்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

1931இல் ரப்பர் விலை விழுந்தது. ஆட்குறைப்புப் பட்டியல் போட்டபோது, சிவப்பு மை உள்ளவர்களை முதலில் எடுத்தார்கள். கிள்ளான் கிடங்கில் அது ஒருவருக்குத்தான் இருந்தது.

உத்தரவு வந்த அன்று அவர் அதைச் சீதாலெட்சுமியிடம் வாசித்துக் காட்டினார். யூ ஆர் டிஸ்மிஸ்டு என்று இல்லை. உமது சேவை இனித் தேவைப்படவில்லை என்று இருந்தது.

"இதுக்கு வேற அர்த்தம் எதுவும் இருக்கா?" என்றாள் அவள்.

"இல்லே."

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன் லா. இல்லே."

ஆறு வாரம் வீட்டில் இருந்தார். அப்புறம் கிள்ளான் பாசார் பக்கம் ரப்பர் வாங்கி விற்கும், தௌக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் வேலை கிடைத்தது. அதே தராசு, அதே ரப்பர். தௌக்கேக்கு இங்கிலீஷ் தெரியாது. எல்லாம் மலாயில், எல்லாம் வாய்ப்பேச்சு. இரண்டாம் நாள் ஒரு மூட்டையின் எடையில் தகராறு வந்தது. தௌக்கே "சாலா" என்றார். தப்பு என்று அர்த்தம். யாருடைய தப்பு என்று இராமலிங்கம் உடனே கேட்டுவிட்டார். தௌக்கே ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே எழுந்து வந்து, மூட்டையை அவிழ்த்து, அவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு ஷீட்டுகளை முதலிலிருந்து தராசில் ஏற்றத் தொடங்கினார்.